எங்கள் ஊர் சீரியஸ்

எங்கள் பக்கத்தில் யாரும் போனில் சாவதில்லை. வீட்டில் சாவார்கள், ஆஸ்பத்திரியில் சாவார்கள், வயலுக்குத் தண்ணீர் திருப்பப் போன இடத்தில் சாவார்கள். வெளியூரில் இருக்கும் மகனுக்கோ மகளுக்கோ போன் போகும்போது மட்டும் செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "சீரியஸா இருக்காவ, கெளம்பி வா" என்பார்கள். ஐஸ் பெட்டி வந்து இறங்கியிருக்கும். வாசலில் பந்தல் கால் ஊன்றியிருப்பார்கள். பெண்கள் அழும் சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று போனை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துபோய்ப் பேசுவார்கள். கேட்கிறவருக்கும் பாதி புரிந்துவிடும். புரியாத பாதியைப் பிடித்துக்கொண்டு அவரும் பஸ் ஏறுவார்.

இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. பக்குவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "பக்குவமா எடுத்துச் சொல்லு" என்று யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எனக்கு அம்பாசமுத்திரத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை இருக்கிறது. எரிந்த மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரும் எரிந்துவிட்டது என்று சொல்லமாட்டார். "லேசா ஒரு சத்தம் வருது அண்ணாச்சி, வேற ஒண்ணுமில்ல" என்பார். திறந்தால் உள்ளே கரியாக இருக்கும். "காயில் போயிட்டு" என்று நான் சொன்னதும் முகம் விழுந்துவிடும். "என்னவே இப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லுதீரு" என்று கோபித்துக்கொண்டு வேறு கடைக்குத் தூக்கிப் போனவர்கள் உண்டு. அங்கேயும் போன காயில் போனதுதான். ஆனால் அந்தக் கடைக்காரர் நாலு நாள் வைத்திருந்து பைய சொல்லுவார். அவருக்கு நல்ல மனுஷன் என்று பேர். எனக்கு வாய்க்கொழுப்புக்காரன் என்று பேர். இருக்கட்டும்.

அம்மா செத்த வருஷத்திலிருந்துதான் இதை நான் சொல்லத் தொடங்க வேண்டும். ஆழ்வார்குறிச்சியில் எங்கள் வீட்டு அடுக்களையில், காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கையை விட்டபோது அடுப்பில் தோசை கருகிக்கொண்டிருந்தது. என் அக்கா கல்யாணமாகி மும்பையில் இருக்கிறாள். அவளுக்கு அப்பாதான் போன் போட்டார். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வண்டியின் முன்வாசலில் நின்று கூப்பிட்டால் பின்வாசலில் இருப்பவர் சில்லறையை எடுக்கும் குரல். அன்றைக்கு அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை.

அக்கா சுற்றி வளைக்காமல் கேட்டாள். போனுக்குப் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. "அப்பா, அம்மைக்கு உசிரு இருக்கா, இல்லையா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"சீரியஸாத்தான் இருக்கா. நீ பைய கெளம்பி வா" என்றார் அப்பா.

அக்கா ரயில் ஏறினாள். வழி முழுக்க, சிக்னல் கிடைத்த இடத்திலெல்லாம் கூப்பிட்டாள். போன் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அம்மாவின் தம்பியான என் மாமா, "டாக்டர் பக்கத்துலயே இருக்காரு, கவலைப்படாத" என்றார். ஒரு அத்தை, "இப்பத்தான் கண்ணைத் தொறந்து பாத்தா" என்றாள். சொல்லச் சொல்ல அவர்களுக்கே அது பழகிவிட்டது. கடைசியில் அக்கா கேட்டாள்: "போனை அம்மை காதுல வையுங்க. நான் பேசணும்."

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் போனைப் பிடுங்கப் போனேன். மாமா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "சும்மா இருலே. பொம்பளைப் புள்ள நடுவழியில வந்துக்கிட்டிருக்கு" என்று பல்லைக் கடித்தார். அப்பா போனைக் கொண்டுபோய் ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வைத்தார்.

"அம்மா, நான் வந்துக்கிட்டே இருக்கேன். கண்ணை மூடிராத. பாவநாசத்துக்கு வந்து மொட்டை போடுதேன்னு வேண்டியிருக்கேன். கேக்குதா?" அவள் குரல் அந்தச் சின்னப் போனிலிருந்து வந்துகொண்டே இருந்தது. நடுவில், "என்ன, உர்ருன்னு ஒரு சத்தம்?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரி ஏசி" என்றார் அப்பா. அது பெட்டியின் கம்ப்ரசர். அந்தச் சத்தம் எனக்குத் தொழில் முறையில் தெரியும். இன்றைக்கும் எந்த ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றாலும் எனக்கு அந்த அறைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அக்கா வந்து இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள். அழவில்லை. நேராக அப்பாவின் முன்னால் வந்து நின்று, "அப்பா, நான் யார்கிட்ட பேசினேன்?" என்று கேட்டாள். அவ்வளவுதான். சுற்றி நின்றவர்கள்தான், "அவரு என்ன செய்வாரு, உன் நல்லதுக்குத்தானே" என்று முந்திக்கொண்டு சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அக்கா அப்பாவோடு சண்டை போட்டாள் என்று சொல்ல முடியாது. வாரந்தோறும் போன் செய்வாள். "சாப்ட்டாச்சா? மாத்திரை போட்டாச்சா? தம்பிகிட்ட குடுங்க." இந்த மூன்று வாக்கியத்துக்கு மேல் நான்காவது வராது. அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டு, நாங்கள் பேசி முடிக்கும் வரை அங்கேயே நிற்பார். தன்னைப் பற்றி அவள் ஏதாவது கேட்கிறாளா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வரும்.

போன மழைக்காலத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, இருதயமும் சரியில்லை என்று ஐசியூவில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே போகும்போது ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு அப்பா என்னிடம் சொன்னார்: "அக்காவை வரச் சொல்லு. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்."

நான் அக்காவைக் கூப்பிட்டபோது எச்சரிக்கையாக இருந்தேன். அந்தப் பாழாய்ப்போன சொல்லை நாக்கில் வரவிடவில்லை. என்ன வியாதி, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று வரிசையாகச் சொன்னேன். "உசிரோட இருக்காவ. பேசுதாவ. உன்னைத்தான் கேட்டாவ. ஆனா தாங்குவாவளான்னு தெரியாது. உடனே வா."

"சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப நான் மட்டும் ஃப்ளைட்ல வாரேன்" என்றாள். மதியம் மதுரைக்கு விமானம். அங்கிருந்து கார் பிடித்தால் ராத்திரிக்குள் வந்துவிடலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதை உள்ளபடி சொன்னால் காரியம் எவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்து மாமாவைக் கூப்பிட்டேன். "டாக்டர் என்ன சொல்லுதாரு மாப்ள?" என்று கேட்டார். "சீரியஸ்னுதான் சொல்லுதாரு மாமா" என்றேன். டாக்டர் சொன்னது அதுதான். அதே சொல்தான்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி மாப்ள. மனசைத் தேத்திக்கோ. நீ ஆஸ்பத்திரி சோலியை முடி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பாசமான மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். ஐசியூ வாசலில் செருப்பையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். அப்பாவின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அக்கா ஃப்ளைட்டில் வருகிறாள் என்று சொன்னேன். கண்ணை மூடியிருந்தாலும் என் விரலைப் பிடித்திருந்தார்.

வெளியே வந்து போனை வாங்கினால் அது கையில் நிற்காமல் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. எங்கள் குடும்பத்து வாட்ஸப் குழுவில் அப்பாவின் படம். படத்துக்கு மாலை. கீழே ஒரு குத்துவிளக்கு. 'கண்ணீர் அஞ்சலி' என்று மாமா போட்டிருந்தார். அதற்குக் கீழே உறவு முழுக்க வரிசையில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தது. பத்தமடையிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர், யாரென்றே தெரியாத ஒருவர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு அழைப்பு வந்தது. "அண்ணாச்சி, பெட்டியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரவா, நேரா வீட்டுக்குக் கொண்டுபோயிரவா?" ஐஸ் பெட்டிக்காரர். அந்தப் போனை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் என் மனைவி கூப்பிட்டாள். "வாசல்ல பந்தக்காரன் வந்து குழி தோண்டுதான். நான் என்ன சொல்ல?" என்று அழுதாள். அவளுக்கும் அந்த மாலை போட்ட படத்தைப் பார்த்துத்தான் விஷயம் 'தெரிந்திருக்கிறது'.

அக்காவைக் கூப்பிட்டேன். போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அத்தானையும் கூப்பிட்டேன். அதுவும் அப்படியே.

மாமாவிடம் போனில் நான் போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரிக் காவலாளி ஓடிவந்தார். மாமாவும் விடவில்லை. தப்பு என்மேல் என்று ஒரே பிடியாக நின்றார்.

"சீரியஸ்னு நீதானலே சொன்ன?"

"சீரியஸ்னா சீரியஸ்தானே மாமா!"

"வெவரம் கெட்டவனே, செத்தாத்தானே சீரியஸ்னு சொல்லுவோம். உசிரோட இருந்தா 'கொஞ்சம் முடியலை'ன்னுல்லா சொல்லணும்? இது கூடத் தெரியாம நீயெல்லாம் ஒரு கடை வச்சு நடத்துத!"

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். இப்படி ஒரு இலக்கணம் இருப்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. பல வருஷமாக ஒரு நல்ல சொல்லைப் பிணத்துக்கே போட்டுப் போட்டு, உயிரோடு கிடக்கிறவருக்கு அது இல்லாமலே ஆக்கிவிட்டோம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சுவரில் குத்தினேன். சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விரல் வீங்கிற்று.

அக்கா விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போய்க்கொண்டிருக்கும்போது அந்தக் குத்துவிளக்கைப் பார்த்திருக்கிறாள். டாக்ஸியைத் திருப்பச் சொல்லிவிட்டாள். உயிரோடு இருக்கும் அப்பாவைப் பார்க்க அவள் ஒருத்தி பறந்து வரலாம். துஷ்டிக்கு, சாவு வீட்டுக்கு என்றால் புருஷன், பிள்ளைகள் எல்லாரும் வர வேண்டும். அத்தனை பேருக்கு விமானம் கட்டுபடியாகாது. இனி அவசரமும் இல்லை. சாயங்காலம் தாதரில் ரயில் ஏறிவிட்டார்கள். துக்கம் கேட்டு வரும் போன்களைத் தாங்க முடியாமல் இருவரும் போனை அணைத்துவிட்டார்கள். செத்தவருக்கு ஐஸ் பெட்டி இருக்கிறது, எத்தனை நாளானாலும் காத்திருப்பார். உயிரோடு இருக்கிறவரால்தான் காத்திருக்க முடியாது. இந்தக் கணக்கைக் கேட்டு நான் யாரைத் திட்டுவது? அவள் செய்தது எதுவும் தப்பில்லை.

மறுநாள் காலையில் அப்பா கொஞ்சம் தெளிந்தார். சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாக வண்ணார்பேட்டைப் பக்கத்து ஆற்றுப் பாலமும் அதில் போகும் பஸ்களும் தெரிந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, "அக்கா எங்கனக்குள்ள வாரா?" என்று கேட்டார்.

"ரயில்ல வாரா."

"ரயில்லயா? நேத்து ஃப்ளைட்டுன்னல்ல?" என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்ச நேரம்தான் பிடித்தது. "ஏலே... நான் செத்துட்டேன்னு சொல்லிட்டியளா?"

நான் நடந்ததைச் சொன்னேன். குத்துவிளக்கு, ஐஸ் பெட்டிக்காரர், பந்தல் குழி எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து முதுகைத் தடவிவிட்டுப் போனாள். "மாலை போட்ட படம் எது? பெல்ட்டு போட்டுக்கிட்டு நிப்பனே, அதா? அது நல்ல படம்லா" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மட்டும் எப்படிச் சிரித்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பிறகு அவராகவே பேசினார். விட்டு விட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு.

"பின்னால காலி வண்டி வருதுன்னு சொல்லி எத்தனை பேரை இறக்கி விட்டிருப்பேன் தெரியுமா? ஒரு வண்டியும் வராது. அதெல்லாம் தொழிலு. ஆனா அக்காகிட்ட சொன்னது வேற. அவ தாங்கமாட்டான்னு சொன்னேன்னு எல்லாரும் நெனைக்காவ. அதில்லை. அம்மை போயிட்டான்னு என் வாயால சொல்ல எனக்கு தைரியம் இல்ல. சொல்லிட்டா நெசமாயிருமேன்னு பயம். அதுக்கு அவ தலையில பொய்யை ஏத்தி ரயில்ல அனுப்பிட்டேன். கண்ணாடி மேல போனை வச்சேன் பாரு, அப்பவாவது சொல்லியிருக்கணும். அவ அம்மைகூட பேசின கடைசிப் பேச்சு இல்லாமலே ஆயிட்டு. அவ கேட்டாளே, யார்கிட்ட பேசினேன்னு. இத்தனை வருஷமா அதுக்கு பதில் தேடிக்கிட்டிருக்கேன்."

நான் போனை எடுத்தேன். "இதை அப்படியே பேசுங்க. பதிவு பண்ணி அனுப்பிருதேன். ரயில்லயே கேட்டுக்கிடுவா."

"வேண்டாம்." கையை எட்டிப் போனைத் தள்ளிவிட்டார். "போன்ல சொன்னதாலதான்லே இந்தப் பாடு. அவ மொகத்தைப் பாத்துத்தான் சொல்லணும். நீயும் சொல்லிறாத. இது நான் சொல்ல வேண்டியது."

பிடிவாதத்தில் அப்பாவும் அக்காவும் ஒரே அச்சு. அவரிடம் வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. அவருக்குத் தெரியாமல் பதிவு செய்ய எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அவர் வேண்டாம் என்ற பிறகு செய்திருக்கமாட்டேன். நேர்மை, நேர்மை என்று குதிப்பவனுக்குக் கிடைக்கும் பரிசு இதெல்லாம்.

மத்தியானம் அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. மங்களூர் வந்திருக்கிறார்கள். எப்போது எடுப்பதாக இருக்கிறது என்று கேட்கத்தான் போனைத் திறந்திருக்கிறாள்.

"அக்கா, அப்பா உசிரோட இருக்காவ."

"தம்பி, திரும்பவுமா?" என்றாள். அந்தக் குரலை நான் எழுதிக் காட்ட முடியாது. கோபமே இல்லை அதில். அதுதான் தாங்கவில்லை.

நான் கத்தினேன். மாமா, டாக்டர், சீரியஸ் என்று குழறிக் குழறிச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பும்படி இல்லை. வீடியோவில் காட்டுகிறேன் என்று முயன்றேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை. கடைசியில் அவள், "போனை அப்பா பக்கத்துல கொண்டு போ. அங்கன ஏதோ சத்தம் கேக்குது, அதை முதல்ல நிறுத்து" என்றாள். வார்டு மின்விசிறியின் சத்தம். ஓடிப்போய் அணைத்தேன். பக்கத்துக் கட்டில்காரர், "வேக்குது வே, ஃபேனைப் போடும்" என்று சண்டைக்கு வந்தார். அவர் காலில் விழாத குறை.

"இப்ப அப்பா என்னைக் கூப்பிடட்டும். சின்ன வயசுல கூப்பிடுத மாதிரி" என்றாள் அக்கா.

அவளுக்கு ஒரு செல்லப் பெயர் உண்டு. அப்பா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவார். அம்மா போனதிலிருந்து அதை அவர் வாயில் நான் கேட்டதில்லை. அதை இங்கே எழுதமாட்டேன். ஸ்பீக்கரில் போட்டுப் போனை அவர் வாயருகே பிடித்தேன். அப்பா அந்தப் பெயரைச் சொன்னார். "பைய வா ஏட்டி. நான் இங்கனதான் கெடக்கேன்" என்றும் சொன்னார்.

அந்தப் பக்கம் அக்கா வெடித்து அழுதாள். ரயில் பெட்டியில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. அப்பா வேறு ஒன்றும் பேசவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அக்கா என்னிடம், "இனிமே என்ன ஆனாலும் உள்ளதைச் சொல்லு. எதுவா இருந்தாலும். எனக்கு வாக்குக் குடு" என்றாள். கொடுத்தேன். கோழிக்கோட்டில் இறங்கி ஏத்தம்பழம் வாங்கி வருவதாகச் சொன்னாள். அவித்துப் பிசைந்து கொடுத்தால் அப்பா சாப்பிடுவார் என்றாள். டாக்டரிடம் கேட்டேன், கொஞ்சமாகக் கொடுக்கலாம் என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா போய்விட்டார். பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் வந்து கண்ணை மூடினாள்.

மாமா அப்போதுதான் வந்து நின்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. கெட்ட மனுஷன் இல்லை அவர். எங்கள் வீட்டில் எந்தக் கஷ்டத்துக்கும் முதலில் வந்து நிற்பவர் அவர்தான். ஆனால் நான் போனை எடுத்ததும் என் கையைப் பிடித்தார். அதே மணிக்கட்டு. "சொல்லிறாதலே. ராத்திரி முழுக்க அழுதுக்கிட்டே வருவா. சீரியஸா இருக்குன்னு சொல்லு, போதும்."

கையை உதறிய வேகத்தில் அவர் தடுமாறிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "அந்தச் சொல்லை இன்னொரு தடவை என் முன்னால சொன்னீங்கன்னா..." என்று ஆரம்பித்தேன். முடிக்கத் தெரியவில்லை. வராந்தாவுக்கு வந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அப்பா போயிட்டாவ. இப்பத்தான்."

ரயில் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ சாயா விற்றுக்கொண்டு போனார். "சரி" என்றாள் அக்கா. போனை வைத்துவிட்டாள்.

விடிகாலையில் வந்து சேர்ந்தாள். அதே பந்தல்காரர், அதே பந்தல். கையில் பழப் பையோடு உள்ளே வந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தாள். என் மனைவி போய் வாங்கிக்கொண்டாள். அம்மா விஷயத்தில் பொய் சொன்னோம், இப்படித்தான் வந்து நின்றாள். அப்பா விஷயத்தில் உண்மையைச் சொன்னேன், அப்போதும் இப்படித்தான் வந்து நின்றாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வந்தவர்கள் எல்லாரும் அவளைத் தேற்றினார்கள். எங்கள் ஊரில் தேற்றுவதற்குப் பஞ்சமே கிடையாது. "கடைசி வரைக்கும் உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டிருந்தாவ" என்றாள் ஒரு அத்தை. அவள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. "உன்னை நெனைச்சுத்தான் கண்ணை மூடினாவ. மொகத்துல அப்படி ஒரு சிரிப்பு" என்றார் மாமா. அவர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், கனவில் அப்பா வந்து மகளைப் பற்றிக் கேட்டதாகச் சொன்னார். அக்கா ஒவ்வொருவருக்கும் மெல்லத் தலையை ஆட்டினாள்.

சாம்பலைத் தாமிரபரணியில் கரைத்துவிட்டு வந்த அன்று சாயங்காலம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் தனியாக உட்காரக் கிடைத்தது. மொட்டை மாடியில், பந்தல் துணி உலர்த்திப் போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில். அப்பா சொல்லாதே என்றார்தான். ஆனால் இனி அவர் எங்கே வந்து சொல்லப்போகிறார்? அவர் சொன்னதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். காலி வண்டி, தைரியம் இல்லாமல் போனது, கண்ணாடி மேல் வைத்த போன், இத்தனை வருஷமாகத் தேடிய பதில். மூச்சு வாங்கிய இடங்கள்கூட எனக்கு ஞாபகம் இருந்தது.

அக்கா மலையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "நெசமா அப்பா இதைச் சொன்னாவளா?" என்றாள்.

"சொன்னாவ."

"கண்ணாடி மேல போனை வச்சது எல்லாம் நீயும் அன்னைக்குப் பாத்தவன்தானே."

"அக்கா, அப்பா சொன்னதைத்தான் சொல்லுதேன்."

அவள் என் வீங்கிய விரலை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தடவிவிட்டாள். "பரவால்லலே" என்றாள். "நல்லாத்தான் சொல்லுத. கேக்கதுக்கு ஆறுதலாத்தான் இருக்கு."

அம்மா மேல் ஆணை என்றேன், என் பிள்ளைகள் மேல் ஆணை என்றேன், கத்தினேன், கீழேயிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும்படி கத்தினேன். அக்கா மெல்லத் தலையை ஆட்டினாள். அத்தைக்கும் மாமாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஆட்டியது போலவே ஆட்டினாள்.